எட்டுக் குடுக்கிற ஜீப்பை வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. ஐயன் (அப்பா) 1996இல் புதுசாக வாங்கிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இன்னும் ஓடுது. ஐயன் போன வருஷம் தவறிட்டார். நான் டவுனில் குடியிருந்து மில்லில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் வெள்ளென ஜீப்பில் தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வேலைக்குக் கிளம்புவேன். போக வர 44 கிலோமீட்டர். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் குடுக்குது. மாசம் டீசலுக்கு மட்டும் பதிமூணாயிரம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆசைப்பட்டு 31 இன்ச் டயர் போட்டேன். காலையில் வண்டிக்குள் டீசல் வாடை அடிக்குது. ஊட்டுல வித்துடச் சொல்றாங்க. மச்சான் பெட்ரோல் இன்ஜின் மாத்தச் சொல்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டு என்கிறார். 2026இல் ஆர்.சி. வேற முடியுது. ஐயன் டீசல் அடிச்ச தேதியைக்கூட டைரியில் எழுதி வெச்ச மனுஷன், அவர் வண்டியை விக்க மனசு வரலைங்க. என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசனையை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். டீசல் பம்ப்பிலும், இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசிலிலும் ஒன்றோடொன்று உராய்ந்து ஓடும் பாகங்களுக்கு, உள்ளே ஓடுகிற டீசல்தான் ஆயில். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு கிடையாது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிபார்க்கிற செலவு வரும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே இந்தக் கலப்படத்தைப் பிடிக்கத்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இனி கணக்கு. நீங்களே கணக்குப் பார்க்கிறவர், இருந்தாலும் நான் போட்டுக் காட்டுகிறேன். மாசம் 26 நாள், நாளைக்கு 44 கிலோமீட்டர் என்றால் 1,144 கிலோமீட்டர். எட்டால் வகுத்தால் 143 லிட்டர். டீசலை 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 13,299 ரூபாய். நீங்கள் சொன்ன பதிமூணாயிரம் சரிதான்.

நான் பட்டறைக்காரன். என்னால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிரேக், டயர், நாசில் எல்லாம் ஒழுங்குக்கு வந்து உங்கள் வண்டி பத்தரை குடுத்தது என்றே வைப்போம். 109 லிட்டர், 10,137 ரூபாய். மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

ஸ்பேனரைத் தொடாமல் இன்னொரு கணக்கு. 26 நாளில் எத்தனை நாள் உங்களுக்கு ஜீப்பேதான் வேண்டும்? உரம் ஏற்றணும், எரு அடிக்கணும், மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோகணும், காய் வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகணும், ஐப்பசி மழையில் பள்ளத்தில் தண்ணி வந்தால் தாண்டணும். கூட்டிப் பார்த்தால் மாசம் ஆறு நாள் தேறுமா? மீதி 20 நாள் நீங்கள் செய்வது என்ன? மடை பார்க்கிறீர்கள், மோட்டார் போடுகிறீர்கள், ஆள்காரரிடம் நாலு வார்த்தை பேசுகிறீர்கள். அதற்கு பைக் போதும். 880 கிலோமீட்டர், லிட்டருக்கு 50, பெட்ரோல் 102 ரூபாய் என்றால் 1,795 ரூபாய். ஜீப் ஆறு நாளுக்கு 264 கிலோமீட்டர். அது அதே எட்டே குடுக்கட்டும், 33 லிட்டர், 3,069 ரூபாய். இரண்டும் சேர்த்து ஐயாயிரம்கூட வரவில்லை. மிச்சம் எட்டாயிரத்து நானூறு. என் பட்டறையில் எத்தனை நாள் வண்டியைப் போட்டாலும் இந்தத் தொகையை என்னால் பிடித்துத் தர முடியாது.

இன்னொன்று, ஜீப் ஏன் டவுனில் நிற்கிறது? தோப்புச் சாளையில், அதாவது கொட்டகையில், நிறுத்துங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால் கை தானாகச் சாவிக்குப் போகும். நானும் ஒரு பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப் வைத்திருந்தவன். பால் பாக்கெட் வாங்கவே அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

உங்கள் ஐயன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவர் வாங்கின காலத்தில் டீசல் லிட்டர் பத்து ரூபாய்கூட இல்லை, பெட்ரோல் அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல். அப்போது ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ஜீப்பில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றுவதே எங்களுக்குப் பாதிப் பிழைப்பு. 2013 ஜனவரியில் மாசம் ஐம்பது காசு என்று ஏற ஆரம்பித்தது. 2014 அக்டோபரில் டீசல் மேல் இருந்த விலைக் கட்டுப்பாடே போனது. 2017 ஜூனில் தினம் ஒரு விலை என்றானது. இன்றைக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் பத்து ரூபாய் சுமார்தான். டீசல் வண்டி என்றால் சும்மா ஓட்டலாம் என்கிற பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆறு நாள் ஓடுகிற வண்டியும் ஒழுங்காக ஓடணும். அதனால் எட்டு ஏன் எட்டாக இருக்கிறது என்று பார்ப்போம். எல்லோரும் முதலில் பம்ப்பைத்தான் பழி சொல்வார்கள். நான் பம்ப்பைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

உங்கள் தோப்பில் கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம் இருக்கும். ஜீப்பை அங்கே நிறுத்தி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரே ஆள் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். ஒண்ணேகால் டன் சுமாருக்கு இருக்கிற வண்டிதான். சமதளத்தில் நல்ல ஆள் ஒருத்தர் தள்ளினால் முனகிக்கொண்டாவது நகரணும். நகரவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் அழுத்தாமல் ஓட்டி, தானாக உருண்டு நிற்க விட்டு, நாலு டிரம் மேலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணி தெளியுங்கள். பிடிக்கிற டிரம் சுர்ரென்று இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் வீல் சிலிண்டர் துரு ஏறி இறுகியிருக்கும், இல்லையென்றால் ஷூ இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தோப்பில் சேறு மிதித்துவிட்டுக் கழுவாமல் நிறுத்துகிற வண்டிகளில் இது வருஷா வருஷம் வரும். சாமான் விலை பெரிசில்லை, கூலிதான்.

அடுத்தது நாலு சக்கர லிவர், முன் சக்கரங்களுக்கும் இழுவை குடுப்பது. ஒரு நார் மில்லுக்காரர், வண்டி திடீரென்று இழுக்கவே மாட்டேன் என்கிறது, டயர் பிய்த்துக்கொண்டு போகிறது என்று கொண்டுவந்தார். வேறு ஒரு பட்டறையில் பம்ப்பைக் கழற்றி வேலை பார்த்து பில்லும் வாங்கியிருந்தார்கள். நான் உள்ளே ஏறி உட்கார்ந்து காலடியில் கிடந்த சாக்கை எடுத்தேன். அதற்கடியில் அந்த லிவர் நாலு சக்கரத்தில் விழுந்து கிடந்தது. எத்தனை மாசமாக அப்படி ஓடியதோ. இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடத் தூரம் ஓடணும், பின் சக்கரங்கள் குறைவாக ஓடணும். லிவர் விழுந்திருந்தால் ரெண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேறு என்றால் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. டயர் தேயும், யுனிவர்சல் கிராஸ் முறுகும், டீசல் போகும். தார் ரோடு ஏறியதும் லிவரை ரெண்டு சக்கரத்துக்கு எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு ஒரு பத்தடி ரிவர்ஸ் போனால் இறுக்கம் விட்டு முழுசாகக் கழலும். முன் சக்கரத்தில், அதை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதையும் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் முன் ஷாஃப்டும் கிரவுன் வீலும் சும்மாவே சுற்றிக்கொண்டு வரும்.

டீசல் வாடைக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நாசில்களின் தலையில் ஒன்றுக்கொன்று தொடுத்திருக்கும் சின்ன ரிட்டன் டியூப், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புவது. நூல் பின்னிய கறுப்பு ரப்பர், கம்ப்யூட்டர் ஒயர் கனம்தான் இருக்கும். 30 வருஷ வண்டியில் அது மிட்டாய் மாதிரி நொறுங்கும். ராத்திரி இன்ஜின் ஆறும்போது அதில் கசிந்து ஹெட் மேல் வடியும். அதே வழியாகக் காற்றும் உள்ளே ஏறும். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கிறீர்களா என்று எழுதவில்லை, அடித்தால் சந்தேகமே இல்லை. மீட்டர் கணக்கில் புதுசு வாங்கிப் போடுங்கள், இந்த வாரமே. வாடை என்றால் வெறும் காசு போகிற விஷயம் இல்லை, சூடான இன்ஜின் பக்கத்தில் டீசல் சொட்டுகிறது.

உங்கள் இன்ஜின் பிஜோ எக்ஸ்டிபி 4.90, 2,112 சிசி. இதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாது. ஹெட்டில் இருக்கும் சின்ன அறையில் பற்றி, அங்கிருந்து கீழே இறங்கும். சத்தம் மெதுவாக இருக்கும், ஆனால் சூட்டில் ஒரு பங்கு ஹெட்டுக்கே போய்விடும். நேரடியாகப் பாய்ச்சும் டிஐ இன்ஜின் குடுக்கிற மைலேஜை இதனிடம் கேட்கக் கூடாது. ஸ்டார்ட் ஆக அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலும் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ஸ்டார்ட் பண்ணி வெகுநேரம் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது.

கறுப்புப் புகைக்கு உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த முதல் காரணம் நார்த் தூசி. மில் பக்கத்து இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதையில்) தினம் போகிற வண்டிகளில் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினால் ஆயில் இருக்காது, பிண்ணாக்குக் கரைசல்தான் இருக்கும். கழுவி, கோடு போட்டிருக்கும் மட்டத்துக்குப் புது ஆயில் ஊற்றுங்கள், கோட்டைத் தாண்ட வேண்டாம். அதே தூசி ரேடியேட்டர் முகப்பிலும் அப்பியிருக்கும். பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணி அடித்துக் கழுவணும்.

ரேடியேட்டர் என்றதும் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். நான் தொழில் கற்ற காலத்தில் வண்டி கொஞ்சம் சூடானால் முதல் வேலையாக, இன்ஜின் சூடேறும் வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவோம். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது எங்கள் ஞானம். நானே எத்தனை வண்டியில் எடுத்தேனோ தெரியாது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறவே வெகுநேரம் ஆகும். 22 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதித் தூரம் அது பச்சை இன்ஜினாகவே ஓடும். பச்சையாக ஓடுகிற டீசல் இன்ஜின் டீசலும் கூடக் குடிக்கும், லைனரும் சீக்கிரம் தேயும். உங்கள் வண்டியில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராமல் கீழேயே படுத்துக் கிடந்தால், ஐயன் காலத்தில் என்னைப் போல ஒருத்தன் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நாசில். கோயமுத்தூரிலோ திருப்பூரிலோ டீசல் பம்ப் கடையில் நாலையும் கழற்றிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பாருங்கள். கைப்பம்ப்பை அழுத்தும்போது நல்ல நாசில் கிர்ர் என்று நடுங்கிப் புகை மாதிரித் தூவும். கெட்டது மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டும். சொட்டுகிறதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். யாராவது இழுவை வேண்டும் என்று பம்ப் ஸ்க்ரூவைத் திருகுகிறேன் என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டயர். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடணும். உங்கள் ஜீப்போடு வந்தது 6.00-16, ஒல்லி டயர். இப்போது மாட்டியிருப்பது அதைவிட ரெண்டு அங்குலத்துக்கு மேல் உயரம், கனமும் அகலமும் கூட. உயரம் ஏறினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடத் தூரம் போகும். ஆனால் கிலோமீட்டர் முள்ளுக்கு அது தெரியாது, பழைய டயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் எட்டு உண்மையில் எட்டரை. சந்தோஷப்பட வேண்டாம். பல்லைக் கூட்டிவிட்ட சைக்கிள் மாதிரி இன்ஜின் ஒவ்வொரு கியரிலும் திணறும். டாப்பில் ஏறிய மேட்டை இப்போது மூணில் ஏறுவீர்கள். நாலு கியர்தான் இருக்கிறது, இறங்கினால் பெரிய படியாகத்தான் இறங்கணும். முன்னால் கிங்பின்னும் பேரிங்கும் வேறு சீக்கிரம் போகும்.

சேற்றுக்கு அகல டயர் நல்லது என்று சொல்லி விற்றிருப்பார்கள். மணலுக்குச் சரி. நம்ம கரிசல் சேற்றுக்கு ஒல்லி டயர்தான் மேல், அது கிழித்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் பேச்சு வரும். நான் விற்கச் சொல்வது அந்த நாலு டயரைத்தான், வாங்க ஆசைப்பட்ட பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய அளவு போட்டு, மாசம் ரெண்டு தடவை காற்றுப் பாருங்கள். தார் ரோட்டில் 55க்கு மேல் விரட்ட வேண்டாம். ஜீப் முகம் காற்றைக் கிழிக்கச் செய்ததில்லை, சுவரைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரிதான்.

மச்சான் சொன்ன பெட்ரோல் இன்ஜின் வேண்டாம். விலை வித்தியாசம் போய்விட்டது என்று மேலே சொன்னேன். இந்த எடைக்குப் பெட்ரோல் இன்ஜின் லிட்டருக்கு இன்னும் குறைவாகத்தான் குடுக்கும், இட்டேரியில் ஊர்ந்து போகிற அடி இழுவையும் போய்விடும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் போட்டால் அதிலிருக்கும் ரப்பர்களுக்கு அது ஆகாது, எத்தனாலில் சக்தியும் பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் இன்ஜின் மாற்றி ஓட்டினால் விபத்தன்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

வண்டி நின்றாலும் ஆகிற செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022 ஜூனில் வந்த விகிதப்படி வருஷம் 7,897 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை, 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் வகை வண்டிகளுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கியது. புதுப்பித்தால் அஞ்சு வருஷத்துக்கு வரும். பசுமை வரி தனி. எல்லாம் சேர்த்து மாசத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று செய்தி படித்துவிட்டு நம்ம பக்கத்திலும் சிலர் வந்த விலைக்கு ஜீப்பைத் தள்ளினார்கள். தமிழ்நாட்டில் அந்த மாதிரி வயசுத் தடை கிடையாது. எஃப்.சி. பாஸானால் ஓட்டலாம். ஆர்.சி. தேதி முடிய ரெண்டு மாசம் இருக்கும்போதே புதுப்பிக்கும் படிவம் 25 போட்டுவிடுங்கள்.

வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து, சேசிஸை நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். பின் கமான் பட்டை தொங்குகிற இடத்தில் மெதுவாக, கவனமாகத் தட்டுங்கள். சேறு தங்குவது அங்கேதான். டங் டங் என்று வந்தால் சரி. பொத்தென்று சத்தம் வந்து துருச் செதில் கொட்டினால், சுத்தியல் உள்ளே இறங்கினால், மேலே சொன்ன எதற்கும் காசு போடாதீர்கள். வீட்டில் சொல்கிறபடி விற்றுவிடுங்கள், வாங்குகிறவரிடம் துருவைக் காட்டியே விற்றுவிடுங்கள். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் காசு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சேசிஸ் போனது போனதுதான்.

சாளையில் நிறுத்தினால் எலிதான் தொல்லை, ஒயரைக் கடிக்கும். கட்டுத்தரைப் பக்கம் வைக்கோல் போருக்கு ஒட்டி நிறுத்தாமல் தள்ளி நிறுத்துங்கள். பேட்டரி நெகட்டிவ்வில் கரண்ட்டைத் துண்டிக்கும் ஒரு கட்டவுட் சுவிட்ச் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முள் நடுவுக்கு வரும் வரை ஓட்டுங்கள், நின்ற இடத்திலேயே அரை மணி உறுமவிடுவதில் பிரயோஜனமில்லை. டேங்க்கைக் காலியாக வைக்காதீர்கள், காலி இடத்தில் வேர்த்துத் தண்ணி இறங்கும்.

ஐயன் டைரியைத் தேடி எடுங்கள். டீசல் அடித்த தேதியோடு கிலோமீட்டரும் எழுதியிருப்பார், அந்தக் காலத்து மனுஷர்கள் எழுதுவார்கள். 31 இன்ச் டயர் போடுவதற்கு முன்னால் அவர் கையில் வண்டி எவ்வளவு குடுத்தது என்று வகுத்துப் பாருங்கள். பிரேக்கும் ரிட்டன் டியூபும் டயரும் பார்த்த பிறகு, நீங்களும் மூணு தடவை டேங்க் முட்ட அடித்துக் கணக்கு எழுதுங்கள். ரெண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பம்ப்பைக் கழற்றணுமா வேண்டாமா என்று சொல்லுவேன்.